நாச்சியார்கோயில் பட்டறையில் நிமிர்ந்த எங்கள் குத்துவிளக்கு

பழைய குத்துவிளக்கைச் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டால், பாத்திரக் கடைக்காரர்கள் முதலில் தராசைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மூன்று கடைகளில் எனக்கு அதுதான் நடந்தது. பழைய பித்தளைக்கு இவ்வளவு தருகிறோம், மேலே பணம் போட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வியாபாரம் அப்படி, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் அந்த விளக்கை எடைக்குப் போட மனம் வரவில்லை. கடைசியில் நாச்சியார்கோயிலில் ஒரு சிறிய வார்ப்புப் பட்டறையில் அதை நிமிர்த்திக் கொடுத்தார்கள். அந்த வேலையைப் பற்றி, அதன் நிறைகுறைகளோடு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அதற்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. "இருக்கிற வேலையே தை முடிய வரும். எழுதினால் ஆட்கள் வந்துவிடுவார்கள் அம்மா, எனக்கு யாரையும் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை" என்று அங்கிருக்கும் பெரியவர் கேட்டுக்கொண்டார். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். கடைத்தெருவில் இரு பக்கமும் விளக்குகளாக நிற்கும். அந்தக் கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் அரம் உராயும் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே போய் விசாரியுங்கள்.

எங்கள் விளக்கு என் அம்மா 1991இல் என் திருமணத்துக்குச் சீராக வாங்கிக் கொடுத்தது. இரண்டரை அடி உயரம், ஐந்து முகம், உச்சியில் அன்னம். அதுவும் நாச்சியார்கோயில் வார்ப்புதான். ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. என் மாமியார் அதை வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவார். நான் துலக்கினால் மூலை முடுக்கில் பச்சை படிந்திருப்பதைக் காட்டித் திரும்பத் துலக்கச் சொல்வார்.

பேராவூரணிக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எங்கள் ஊர். நெல் கொஞ்சம், தென்னைதான் அதிகம். மாமனார் வைத்த தோப்பு இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு எழுபது மரம் என்று கணக்கு வைத்தால் நூற்று எழுபத்தைந்து. எங்களிடம் நூற்று எழுபது இருந்தன. 2018 நவம்பர் 15ஆம் தேதி இரவு நாங்கள் படுக்கவில்லை. விடிந்தால் 16ஆம் தேதி. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்து, எங்கள் பக்கமாக உள்ளே போனது. விடிந்து பார்த்தபோது பதினோரு மரங்கள் நின்றன. மற்றவை கிணற்றின் மேலும் பாதையின் மேலும் மாட்டுக்கொட்டகையின் மேலும் கிடந்தன. வீட்டிலிருந்து சாலைக்குப் போவதற்கே அரிவாளும் ரம்பமும் தேவைப்பட்டன. சாமி அறையின் ஓட்டுக்கூரை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. மூன்றாம் நாள்தான் ஓட்டுச் சில்லுகளை அள்ளி எடுத்தோம். அடியில் விளக்கு கிடந்தது. தண்டு வளைந்து, எண்ணெய்த் தட்டு விரிசல் விட்டு, அன்னம் இல்லாமல். அந்த அன்னம் கடைசிவரை கிடைக்கவில்லை.

மாமியார் அதை முந்தானையால் துடைத்து, ஒரு யூரியா சாக்கில் போட்டுக் கட்டி, பரணில் ஏற்றச் சொன்னார். "கரண்ட் வரட்டும், எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்துகொள்ளலாம்" என்றார். கரண்ட் மார்கழி நாலாம் நாள் வந்தது. ஒரு மாதத்துக்கும் மேலே இருட்டு. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கமிருந்து முன்பின் தெரியாதவர்கள் லாரிகளில் மெழுகுவத்தியும் பாயும் தண்ணீரும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவில் வேலை நடந்த இரண்டு நாளும் மாமியார் அவர்களுக்குக் கஞ்சியும் துவையலும் கொடுத்தார். அதில் ஒரு பையன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு விளக்கைப் பற்றி நினைக்க யாருக்கும் முடியவில்லை. விழுந்த மரத்துக்கு அரசு ஒன்றுக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500. அந்தப் பணம் கடனுக்கும் புதுக் கன்றுக்கும் பங்கானது. 2019 ஆடியில் நூற்று இருபது கன்றுகள் நட்டோம், நெட்டை–குட்டை ஒட்டு ரகம். அவை காய்க்கும்வரை சாப்பிட வேண்டுமே. என் கணவர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் இரவுக் காவலாக நான்கு வருடம் இருந்தார். 2021 வைகாசியில் கொரோனாவில் மாமியார் போய்விட்டார். ஊரே கூடிச் செய்திருக்க வேண்டிய காரியத்தை நாங்கள் ஐந்தாறு பேர் செய்தோம். கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றியவர் அவர். ஒரு பாளையைக்கூட அவர் பார்க்கவில்லை.

முதல் பாளை 2023இல் வெடித்தது. கணவர் திரும்பி வந்தார். 2025இல்தான் வெட்டு என்று சொல்லும்படி காய் இறங்கியது. தேங்காய் விலையும் அந்த ஆண்டு நன்றாக இருந்தது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கப் பரணில் ஏறிய என் மகள்தான் சாக்கைக் கீழே இறக்கினாள். கும்பகோணத்தில் இயற்பியல் படிக்கிறாள். நாச்சியார்கோயில் தெருக்களில் விசாரித்து, பழையதை எடுத்துக்கொள்ளும் பட்டறை இருக்கிறது என்று சொன்னவளும் அவளே. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம் என்று மூன்று பஸ் மாறி, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பட்டறை ஒரு சாய்ப்பு. உள்ளே தரை முழுவதும் மண். பெரியவருக்கு எழுபது வயது இருக்கும்; அவருடைய மகனும் ஓர் உதவியாளும் இருந்தார்கள். பெரியவர் தராசின் பக்கமே போகவில்லை. விளக்கைத் துண்டு துண்டாகக் கழற்றினார். அடிப்பீடத்தை விரல் நகத்தால் தட்டி, காதருகே பிடித்துக் கேட்டார். அது நன்றாகப் பாடியது. எண்ணெய்த் தட்டைத் தட்டினார். சத்தம் பொத்தென்று விழுந்தது. "இது போய்விட்டது. புதிதாகத்தான் வார்க்க வேண்டும். அன்னமும் புதிது. தண்டைக் காப்பாற்றலாம்" என்றார். பிறகு பீடத்தைக் கவிழ்த்து, அடியில் இருந்த பொடிப் புள்ளிகளைக் காட்டினார். வார்த்தபோது மண் பதிந்த தடம். ஆற்றங்கரையிலிருந்து எடுக்கும் வண்டல்மண்ணில் அச்சுப் பிடித்து வார்ப்பதுதான் இந்த ஊர் விளக்கின் அடையாளம். இந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. புயல் வரும்வரை இருபத்தேழு வருடம் புளி போட்டுத் துலக்கியும் அடிப்பக்கத்தில் அந்த மண்ணின் தடம் அழியாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தண்டை நிமிர்த்தியதை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தார். வளைந்த பித்தளையை அப்படியே அடித்தால் முறிந்துவிடும். கரி உலையில் வைத்து, மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தானாக ஆறவிட்டார். ஆறிய பிறகு மணல் மூட்டையின் மேல் கிடத்தி, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினார். கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி உலை, மறுபடி ஆறல். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் நான்கு முறை அப்படிச் செய்தார். பாதிதான் நிமிர்ந்திருந்தது. "அவசரப்பட்டால் இங்கே விட்டுவிடும்" என்று வளைவின் உட்புறத்தை விரலால் தடவிக் காட்டினார். இதற்கு இடையில் மகன் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலயத்தில், உருகிய பித்தளையை வேறு யாருடைய விளக்குக்கோ மண் பெட்டியில் ஊற்றினார். பச்சையும் நீலமுமாக ஒரு சுடர் எழுந்து அடங்கியது. உதவியாள் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் காசு கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை.

இனிக் குறைகள். கார்த்திகை தீபத்துக்குத் தந்துவிடுவதாகச் சொன்னார்கள். தீபம் டிசம்பர் 3. முந்தைய நாள் மூன்று பஸ் மாறிப் போனேன்; வேலை முடியவில்லை. மழையில் அச்சு மண் காயவில்லை, ஈர மண்ணில் ஊற்றினால் பித்தளை கொதித்துத் துளை விழும் என்று காரணம் சொன்னார். காரணம் சரியானதுதான். ஆனால் ஒரு போன் செய்திருந்தால் எனக்கு ஒரு நாளும் பஸ் செலவும் மிஞ்சியிருக்கும். அதை அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மகனைக் கூப்பிட்டு என் எண்ணைச் சுவரில் கரியால் எழுதச் சொன்னார். டிசம்பர் 19 அன்று அவர்களே அழைத்தார்கள்.

மொத்தம் 2,400 ரூபாய். தண்டு நிமிர்த்த 600, புதுத் தட்டு வார்த்துக் கடைந்து மரை போட 1,150, அன்னம் 450, மெருகு 200. பழைய தட்டின் பித்தளையை எடைபோட்டுக் கழித்த பிறகுதான் தட்டுக்கு அந்த விலை. எடையை என் எதிரிலேயே போட்டார். அதே உயரத்தில் புது விளக்கு கடைத்தெருவில் ஆறாயிரத்தைத் தாண்டும் என்றார்கள். எனக்கு இது நியாயமான கூலியாகவே படுகிறது. எத்தனை முறை உலையில் வைத்தார் என்று பார்த்தவளுக்கு அது குறைவு என்றுகூடத் தோன்றும்.

தண்டில் வளைந்த இடத்தில் ஒரு வளையம்போல நிறம் மாறியிருக்கிறது. அதை அரத்தால் ராவி எடுக்கச் சொன்னேன். ராவினால் அந்த இடம் மெலிந்துவிடும், பின்னால் அதே இடத்தில் ஒடியும் என்று மறுத்துவிட்டார். புதுத் தட்டு நல்ல மஞ்சள், பழைய தண்டு சற்றுச் சிவப்பு. பார்த்தவுடன் இரண்டும் வேறு வேறு என்று தெரிகிறது. ஒரே நிறத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேலை திருப்தி தராது. அன்னத்தின் மரை முழுவதும் இறுகுவதற்குள் கழுத்து வடக்கே திரும்பி நின்றுவிடுகிறது. கிழக்கே திருப்பினால் லேசாக ஆடுகிறது. ஐந்து முகங்களில் ஒன்று நூலளவு உயரம். அந்தத் திரி மட்டும் எண்ணெய் போதாமல் புகைகிறது. இந்த இரண்டையும் அங்கேயே பார்த்திருக்க வேண்டும். பழைய வேட்டியில் சுற்றி வைக்கோல் வைத்து அவர்கள் கட்டிய அழகில் மயங்கி, நான் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள், சரிசெய்யக் கொடுப்பவர்கள், அங்கேயே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மரையையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து முகத்திலும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். நகத்தால் தட்டிக் கேளுங்கள். கீழே பீடத்தைக் கவிழ்த்துப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம்.

விளக்கை 19ஆம் தேதி மாலையே ஏற்றியிருக்கலாம். என் மகள்தான் இரண்டு நாள் பொறுங்கள் அம்மா என்றாள். அவள் கார்த்திகை பிறந்ததிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் வாசலில் ஒரு மூன்றடிக் குச்சியை நட்டு, நடுப்பகல் நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தாள். அவள் இல்லாத நாளில் அந்த வேலை எனக்கு. எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது மணி பன்னிரண்டு அடிக்கும்போது இல்லை. டிசம்பர் கடைசியில் இன்னும் பத்து நிமிடத்துக்குமேல் ஆகும். கோடுகள் ஒவ்வொன்றாக வடக்கே நகர்ந்தன. நகர்வு குறைந்துகொண்டே வந்து, மார்கழி பிறந்த பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக விழத் தொடங்கியது. டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி ஆறு. நிழல் சரியாக இரண்டடி. அதுதான் ஆண்டிலேயே நீண்ட நடுப்பகல் நிழல். சித்திரை முதல் வாரத்தில் அதே குச்சிக்கு ஒரு கணம் நிழலே இராது என்றாள்.

பஞ்சாங்கப்படி உத்தராயணம் தை ஒன்றில் பிறக்கிறது. வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது அதற்கு மூன்றரை வாரம் முன்பே. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுற்றித் தள்ளாடுவதால், எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் இரண்டும் விலகிவிட்டனவாம். உத்தராயணம் தேவர்களுக்குப் பகல், அதற்கு முந்தைய மார்கழி விடியற்காலை என்று மாமியார் சொல்வார். அதை நான் வழக்கமாகச் சொல்லும் சொல்லாகவே கேட்டிருந்தேன். வாசலில் கோடுகள் நெருங்கி நெருங்கி நின்றுபோனதைப் பார்த்தபோது, இப்படி ஏதோ ஒரு குச்சியை நட்டு யாரோ பார்த்துத்தான் அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றையும் மகள் சொன்னாள். நம் டெல்டாவில் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பரின் பின்பாதியில். அதன் பிறகு பொழுது சாய்வது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். ஆனால் காலையில் சூரியன் எழுவதும் தாமதமாகிக்கொண்டே போய், தை பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் அது திரும்பும். மார்கழி ஆறாம் நாள் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். ஆனியின் நீண்ட பகலைவிட ஒன்றேகால் மணி நேரம் குறைவு. கேட்டதும் நான் கணக்குப் போட்டது வேறு. கஜா வந்தது அந்த நவம்பர்ப் பின்பாதியில்தான். மாலைகள் மிகக் குட்டையாக இருந்த நாட்களில் எங்களிடம் ஒரு பல்பும் எரியவில்லை. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து, நேற்றைவிட இன்று கொஞ்சம் வெளிச்சம் நிற்கிறது என்று டிசம்பர் தொடக்கத்திலேயே சொன்னார். எங்களைத் தேற்றுவதற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை ஆறு மணிக்கு விளக்கு ஏற்றினோம். எண்ணெய் எங்கள் தோப்பினுடையது. புதுக் கன்றுகளின் காயில் அறுபதை உடைத்துக் காயவைத்து, பேராவூரணியில் செக்கில் ஆட்டியதில் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. மார்கழிக் குளிருக்கு அது பாட்டிலிலேயே வெள்ளையாக உறைந்துவிட்டது. அடுப்போரம் வைத்து இளக்கி ஊற்ற வேண்டியிருந்தது. விளக்குக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் போடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்தால் எளிதில் உறையாது. நான் அன்று கலக்கவில்லை.

அமாவாசை கழிந்து ஒன்றிரண்டு நாள்தான், நிலா இல்லை. என் கணவர் கூடத்தின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து திரியும் எரிந்தன. புகைந்த திரியை மகள் ஈர்க்குச்சியால் தூண்டிக்கொண்டே இருந்தாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, திருப்பூரில் காவல் இருந்த இடத்தில் இரவெல்லாம் பகல்போல விளக்கு எரியும், அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே வீட்டு நினைவு வரும் என்றார். நான்கு வருடத்தில் அதை என்னிடம் சொன்னதில்லை. அம்மா இருந்திருந்தால் பீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே துலக்கவில்லை என்று கண்டுபிடித்திருப்பார் என்றும் சொன்னார். மூவரும் சிரித்தோம், அழுதோம். யூரியா சாக்கை நான் தூக்கி எறியவில்லை. துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன்.

இரண்டு முறை எண்ணெய் ஊற்றினோம். படுக்கும்போதும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் தட்டில் மிச்ச எண்ணெய் பால்போல் உறைந்து, நடுவில் ஐந்து கரித்திரிகள் பதிந்திருந்தன. தட்டில் கசிவு இல்லை. தண்டு நேராக நிற்கிறது. தூக்கு நூல் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

பட்டறையைப் பற்றி என்னைக் கேட்டால், வேலைக்கு முழு மனதோடு பரிந்துரைப்பேன். நாள் சொன்னால் அதில் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்; கார்த்திகையில் கொடுக்கவே வேண்டாம், கோடையில் கொடுங்கள். விளக்கைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் நேரம் இருந்தால் கோயிலில் பெருமாளின் கல் வாகனமான கல்கருடனைப் பார்த்துவிட்டு வாருங்கள். மார்கழியிலும் பங்குனியிலும் அவர் புறப்படும்போது நான்கு பேரில் தொடங்கி, எட்டு, பதினாறு என்று தோள்கள் கூடிக்கொண்டே போகும். நான் போன நாளில் கூட்டத்தில் நுழைய முடியவில்லை.

மறுநாள் நடுப்பகலிலும் நிழல் அதே கோட்டில்தான் விழுந்தது. சாக்பீஸ் கனம்கூட நகரவில்லை. 'இன்னும் நாலைந்து நாள் ஆகும் அம்மா, கோடு போடுவதை விட்டுவிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு மகள் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினாள். ஆடும் அன்னத்தைக் கொண்டு வாருங்கள், காசில்லாமல் சரிசெய்து தருகிறேன் என்று பெரியவர் போனில் சொல்லியிருக்கிறார். பொங்கல் கழித்துப் போகிறேன். அவருக்கென்று ஒரு லிட்டர் எண்ணெயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். டீக்குக் காசு வாங்காதவர்கள், இதையாவது வாங்கிக்கொள்வார்களா பார்க்க வேண்டும்.